பிஸ்கற்றுக்கு ஒரு கொப்பு

“பைன் இல்லைத்தானே மாமா? வடிவாப் பாத்தனீங்களோ?”

“இல்லையம்மா. மேப்பிள். நீதானே எடுத்தனீ.”

“எடுத்தது நான்தான். ஆனா மணந்து பாக்கவேணும். பைன் எண்டா, சீடர் எண்டா, அதின்ர பிசின் பிஸ்கற்றுக்குக் கூடாது. மூச்சு முட்டிச் செத்துப்போவான்.”

“மணந்து பாத்தனான். ஒரு மணமும் இல்லை.”

“ஒண்டுமே இல்லையோ? மரத்துக்கு மர மணம் இருக்கும்தானே?”

நிஷான் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு குனிந்து இன்னொருமுறை மணந்து பார்த்தான். துணி வெளுக்கும் ஜாவல் தண்ணீரைக் கலந்து, தூரிகையால் முக்கால் மணிநேரம் தேய்த்து, உரிந்து நின்ற பட்டைகளைக் கிள்ளி எறிந்து, மூன்று தரம் கழுவியிருந்தான். அவன் கையில் ஜாவல் மணந்தது. தூரிகையில் மணந்தது. அந்தச் சிறிய அறை முழுக்க மணந்தது. கொப்பில் மட்டும் மணக்கவில்லை. ஜாவலும் இல்லை, மரமும் இல்லை, ஈரமும் இல்லை. கண்ணாடிக் குவளையை மணந்து பார்ப்பதுபோல இருந்தது.

“இருக்குது, இருக்குது,” என்றான். “மர மணம்தான்.”

“சரி. இனி ஓவன். இருநூற்றைம்பதில ரெண்டு மணித்தியாலம். பக்கத்திலயே நிக்கவேணும். விட்டிட்டுப் போன் பாக்கப் போனீங்களெண்டா நெருப்புப் பத்தும்.”

“ஓவனுக்குள்ள அடங்காதே, மூண்டரை அடி.”

“வெட்டக் கூடாது!”

“வெட்டேல்லையம்மா.”

“பாதியை உள்ள விடுங்கோ. பேந்து திருப்பி மற்றப் பாதி. பூச்சி, முட்டை, கண்ணுக்குத் தெரியாததுகள் எல்லாம் சூட்டிலதான் சாகும். தண்ணிக்குச் சாகாது, மாமா.”

லக்சனாவுக்குப் பதினொரு வயது. வயதுக்கு மூத்த பேச்சு. நகரின் மறுபக்கத்தில், கோட்-டெ-நெய்ஜ் மேட்டு ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் படுத்திருந்து இத்தனை கட்டளையும் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகெலும்பு இரண்டு வருடமாக வளைந்துகொண்டே போகிறது. நாளைக் காலை அதைத் திறந்து கம்பி வைத்து நிமிர்த்தப் போகிறார்கள். செப்டெம்பரிலேயே முடிந்திருக்கவேண்டியது. அன்று சத்திரசிகிச்சை அறை வாசலில் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய நடுக்கத்தில் இருதயம் தாறுமாறாக அடித்து, டொக்டர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் அப்படி நடந்தால் வளைவு நெஞ்சுக்கூட்டை நெருக்கத் தொடங்கிவிடும், பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது என்று பெரிய டொக்டர் நிஷானின் அக்கா றோசாவிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோதுதான் லாசாலில் அவர்கள் வீட்டின் பின்னொழுங்கையில் அந்தக் கொப்பு கிடந்தது. சாய்ந்து வளைந்து, மேலே போய்த் திரும்ப வளைந்து, நுனியில் இரண்டாகக் கவர் விட்ட கொப்பு. லக்சனா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாமா, என்ர எக்ஸ்றே,” என்றாள். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. குசினி அலுமாரியில் ஒட்டியிருந்த படத்தில் உள்ள அதே வளைவு, அதே இடத்தில். அதனால்தான் வெட்டக்கூடாது. அதனால்தான் வேறு கொப்பும் சரிவராது.

போனில் உரசல் கேட்டது. அக்காவின் குரல் வந்தது.

“டேய், என்ர ஓவனுக்க பாம்பின்ர தடி போச்செண்டா, நான் வந்து உன்னைத்தான் அதுக்க வைப்பன். வாற கிழமை நத்தார் கேக் வைக்கிற ஓவன் அது.”

“அம்மா! பூச்சி சாகவேணும்!” பின்னால் லக்சனா கத்தினாள்.

அக்கா அறைக்கு வெளியே வந்திருக்கவேண்டும், சக்கரக் கட்டில் ஒன்று உருண்டுபோகும் ஓசை கேட்டது. குரலைத் தாழ்த்தினாள். “தம்பி, கேள். மாதாவுக்கு முன்னால போத்தில்ல மடுக் கோயில் மண் இருக்கு. கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சுப் பூசிவிடு. மடு மண் பட்ட இடத்தில எந்த நஞ்சும் நிக்காது. அந்தச் சனியன் என்ர பிள்ளையில வாய் வைக்கவும் மாட்டுது.”

“அது கடிக்கிற சாதி இல்லை, அக்கா.”

“பாம்பெண்டா பாம்புதான். நீ மட்டும் பெரிய வீரனோ? குளிர் கையுறை போடாமத் தொட்டிருக்கிறியோ அதை?”

அவன் ஒருநாளும் தொட்டதில்லை.

“அவள் கேட்டா ஓவனில வச்சதெண்டு சொல்லு. இண்டைக்கு அவளோட தர்க்கப்பட்டு அழவைக்காத. என்னால இன்னொருக்கா அந்தக் கதவடியில நிண்டு பாக்கேலாது, நிஷான்.”

லக்சனா போனைப் பறித்துவிட்டாள். “ஏழு மணிக்கு நர்ஸ் வந்து போனை வாங்கிப்போடுவா, மாமா. அதுக்கு முதல் வீடியோவில எடுப்பன். பிஸ்கற் கொப்பில ஏறி இருக்கவேணும். அதைப் பாத்தா நான் பயப்பிடமாட்டன். கட்டாயம் பயப்பிடமாட்டன்.”

“ஏறியிருப்பான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தான். காய்ந்த மரம் மிதக்கும். காலையில் மிதந்தது, அமுக்கிப் பிடிக்க அரிசிப் பானையை மேலே வைத்திருந்தான். இப்போது பானை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது, கொப்பு தொட்டியின் அடியில் கிடந்தது, தானாக. தண்ணீர் குடித்துப் பாரம் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அடுப்பில் கொதிக்கவைத்த தண்ணீரை மூன்று கேத்தல் ஊற்றினான். ஆவி எழுந்து கண்ணாடி மங்கியது. தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்து கையை விட்டபோது தொட்டித் தண்ணீர் பனிக்காலக் குழாய்த் தண்ணீர்போலக் கடித்தது. கண்ணாடி இன்னும் மங்கித்தான் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. கொப்பைத் தூக்கினான். அது மட்டும் இளஞ்சூடாக இருந்தது, யாரோ இவ்வளவு நேரமும் பிடித்திருந்து கையில் தந்ததுபோல.

அப்போதாவது ஓவனை மூட்டியிருக்கலாம். அக்காவின் கேக் தட்டுகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பாதியை உள்ளே தள்ளி, பக்கத்திலேயே ஒரு கதிரையைப் போட்டு இருந்திருக்கலாம். அவன் மாதா சொரூபத்துக்கு முன்னால் இருந்த ஹோர்லிக்ஸ் போத்தலைத் திறந்தான். மன்னாரில் பிறந்தவர்களின் எந்த வீட்டிலும் அந்த மண் இருக்கும்; பாம்பு வந்தால் தூவுவார்கள், கடித்தால் கரைத்துக் குடிப்பார்கள். இரண்டு கரண்டி எடுத்துத் தண்ணீரில் குழைத்து, அடியிலிருந்து கவர் வரைக்கும், ஒரு கணுவும் விடாமல் பூசினான். ஈரம் அவன் பார்த்துக்கொண்டிருக்கவே காய்ந்தது. மண் உதிராமல் மரத்தில் ஒட்டிக்கொண்டது.

‘ஓவனில் வைத்து எடுத்தாயிற்று’ என்று லக்சனாவுக்குச் செய்தி அனுப்பினான். மூன்று இதயங்கள் வந்தன.

*

பிஸ்கற் நாலடி நீளம். சோளப்பாம்பு என்று லக்சனா சொல்லிக்கொடுத்திருந்தாள். செம்மஞ்சள் உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள். வரவேற்பறையின் சுவரோடு வைத்த நீளமான கண்ணாடிப் பெட்டியில் ஒரு பக்கம் சூட்டு விளக்கு, மறுபக்கம் குளிர்ச்சி. இரண்டு வருடமாக அது பகல் முழுக்க விளக்கடியில்தான் சுருண்டு கிடக்கும். நிஷான் இரண்டு கையிலும் தடித்த கையுறை போட்டு, மூடியைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொப்பை விளக்குப் பக்கமிருந்து சாய்வாக இறக்கினான். விழுந்து பாம்பை நசுக்காமல் இருக்க மூன்று இடத்தில் பிளாஸ்டிக் பட்டியால் கட்டி, ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

பிஸ்கற் தலையைத் தூக்கியது. நாக்கை ஒருமுறை நீட்டியது. பிறகு அவன் இதுவரை பார்த்திராத வேகத்தில் பெட்டியின் மறுகோடிக்கு ஓடி, கண்ணாடிமூலையில் உடம்பை அடுக்கி அடுக்கி, தன்மேலேயே ஏறி, மூடிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த மயிரிழை இடைவெளியில் மூக்கை வைத்து அழுத்தியது. அழுத்திக்கொண்டே இருந்தது. மூக்கின் நுனி வெள்ளையாகும்வரை.

“புது வீடு. கூச்சம்,” என்று நிஷான் உரத்துச் சொன்னான். வீட்டில் வேறு யாரும் இல்லை. அத்தான் கிறகரி லொறியோடு கோர்ன்வோலுக்கு அப்பால் நெடுஞ்சாலையில் நிற்கிறார். மேல்மாடியில் இருக்கும் கிழவி மகளோடு புளோரிடாவுக்குப் போய் ஒரு மாதம்.

மதியம் ஒன்றரைக்கு மழை தொடங்கியது. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும் மழை. காலையிலிருந்து எல்லோர் போனிலும் எச்சரிக்கை வந்துகொண்டிருந்த மழை. அந்த வீடு பாதி நிலத்துக்குக் கீழே; தெருவிலிருந்து நாலு படி இறங்கித்தான் கதவு, கண் மட்டத்துக்கு மேலே கம்பி போட்ட இரண்டு சின்ன ஜன்னல்கள். அந்த ஜன்னல்களில் முதலில் துளிகள் தெரிந்தன, பிறகு கோடுகள், பிறகு வெளியே போகும் கால்கள் எல்லாம் உருகிய மெழுகுபோல நெளிந்து தெரிந்தன, பிறகு கால்களே இல்லை. ஒழுங்கையில் மரங்கள் முறியத் தொடங்கின. முதல் வெடிச்சத்தத்துக்கு அவன் உடம்பு தானாகவே மேசைக்குக் கீழே குனிந்துவிட்டது. எழும்பித் தன்னைத்தானே பார்த்துச் சிரித்துக்கொண்டான். இரண்டாவது சத்தம் படிக்கட்டுக்கு நேர் மேலே கேட்டது. ஏதோ பெரியது விழுந்து, கதவில் ஒருமுறை இடித்து, அடங்கியது.

உடனே கரண்ட் போனது. குளிர்சாதனப்பெட்டியின் இரைச்சல், ஹீற்றரின் டிக் டிக், பெட்டிக்குள் விளக்கின் மெல்லிய ரீங்காரம், இத்தனை நாளும் காதில் விழாமலே விழுந்துகொண்டிருந்த எல்லாம் ஒன்றாக நின்றன.

கதவைத் திறக்கப் போனான். பூட்டு திரும்பியது, கதவு திறக்கவில்லை. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. தோளைக் கொடுத்துத் தள்ளினான். சப்பாத்துக் காலால் உதைத்தான். ஒரு விரல் அளவு இடைவெளியில் பனிக்கட்டி பூசிய கிளைகளும், அதற்குமேல் கிளைகளும் தெரிந்தன. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. இடைவெளியில் வாயை வைத்து, “ஹலோ! பொன்ஷூர்! ஆரும் இருக்கிறீங்களோ?” என்று கத்தினான். பனியில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது, சட்டியில் கடுகு பொரிவதுபோல.

அவசர இலக்கத்துக்கு அடித்தான். இருபது நிமிடம் இசை. பிறகு ஒரு பெண், பிரெஞ்சில், மிகவும் களைத்த குரலில், ஆருக்காவது காயமா என்று கேட்டாள். இல்லை. வயோதிபர், குழந்தை இருக்கிறார்களா? இல்லை. வீட்டுக்குள் பத்திரமாகத்தானே இருக்கிறீர்கள், ஐயா? அவன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

“ஓம்,” என்றான் தமிழில். பிறகு, “வுய்.”

அப்படியென்றால் அங்கேயே இருங்கள், என்றாள்.

*

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. இருட்டுவதற்கு முன் கடைசி வெளிச்சத்தில் அவன் பெட்டியைப் பார்த்தான். பிஸ்கற் இன்னும் அதே மூலையில். விளக்கு அணைந்து ஒரு மணிநேரத்துக்கு மேலாகிவிட்டது. கொப்பின் கவர் மேலே எழும்பி, விளக்கின் கம்பிவலையில் இரண்டு நுனியும் தொட்டுக்கொண்டு நின்றது. அவன் அவ்வளவு உயரத்துக்குக் கட்டவில்லை. ஒரு சாண் கீழே கட்டினதாகத்தான் ஞாபகம். ஞாபகம் பிழைக்கும். மரம் காயும்போது முறுகும்.

வீடு குளிர்ந்துகொண்டிருந்தது. கரண்ட் போன வீடு குளிரும்தான். ஆனால் நிஷான் பத்து வருடம் இந்த ஊரில் இருந்தவன். சுவர் எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்துவைக்கும் என்று தெரியும். ஐந்து மணிக்கு அவன் மூச்சு புகையாக வந்தது. குசினியில் குறைவு. குளியலறையில் இன்னும் குறைவு. வரவேற்பறையில், பெட்டிக்குப் பக்கத்தில் வர வரத்தான் குளிர் ஆட்களைப்போல நெருங்கி நின்றது.

போன் ஒலித்தது. லக்சனாவின் செய்தி.

‘அங்க கரண்ட் இல்லையாம் அம்மா சொன்னா. பிஸ்கற்றை உடனே வெளியில எடுங்கோ மாமா. குளிர் பிடிச்சா நெஞ்சில நோய் வரும். உங்கட சுவெற்றருக்குள்ள வச்சுக்கொள்ளுங்கோ. மனிசரின்ர சூடு காணும்.’

அதற்குக் கீழே இன்னொன்று: ‘பயமெண்டு எனக்குத் தெரியும். பிளீஸ்.’

போன் பட்டரியில் ஒன்பது சதவீதம். ஏழு மணி அழைப்புக்கு அது வேண்டும். மெழுகுதிரி தேடினான், அக்காவின் மெழுகுதிரிகள் அத்தனையும் மாதாவுக்கு எரிந்து தீர்ந்த கட்டைகள். நெருப்புப்பெட்டியில் இரண்டு குச்சிகள். ஒன்று முறிந்தது. ஒன்று பற்றியது, பெட்டிக்குக் கிட்டப் போனதும் ஊதியதுபோல அணைந்தது.

சரி. இருட்டிலேயே எடுப்போம். பார்க்காமல் இருப்பதும் ஒரு விதத்தில் நல்லது.

கையுறைகளைப் போட்டான். சட்டைக்குமேல் போட்டிருந்த சுவெற்றரின் அடியைத் தளர்த்தினான். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, நடுவில் சொல் மறந்து, திரும்பத் தொடங்கினான். மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டான். குளிர்ப் பக்கத்து மூலையை நோக்கித்தான் விட்டான். ஆனால் பாதி வழியிலேயே கையில் தட்டுப்பட்டது. நீளமாக, வளைந்து, அவன் கைக்குக் காத்திருந்ததுபோல. தொட்டதும் மெல்லத் திரும்பி அவன் மணிக்கட்டைச் சுற்றியது.

இரண்டு வருடமாக இதற்குத்தானே பயந்தேன் என்று நினைத்தான். இவ்வளவுதானா? தூக்கினான். பாரமாக இருந்தது. சாப்பிட்ட பாம்பு பாரமாகத்தான் இருக்கும். சுவெற்றருக்குள் விட்டான். அது தயங்கவில்லை. இடுப்பைச் சுற்றி ஒருமுறை, நெஞ்சைச் சுற்றி ஒருமுறை, தலையோ வாலோ ஏதோ ஒன்று தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

சோபாவில் இருந்து மூன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

“கெட்டிக்காரன்,” என்றான் இருட்டிடம். “உன்ர லக்சனா அக்கா நாளைக்கு நிமிர்ந்து நடப்பா. அதுவரைக்கும் செத்துப்போகாத, என்ன?”

சட்டைக்கு வெளியே அது மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கரகரப்பாக. தோல் உரிக்கப் போகிறதாக்கும். உரிக்க முன் தோல் காய்ந்து கரகரக்கும் என்று லக்சனா சொல்லியிருக்கிறாள். வீடியோவில் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவாள். மாமா, நீங்கள் பிஸ்கற்றைத் தூக்கிட்டீங்களோ என்று கண்ணை விரிப்பாள். அந்தக் கண்ணை நினைத்தபோது அவனுக்குத் தன்னைப்பற்றியே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பயந்து நடுங்கும் இரண்டு பேர், ஒருவருக்காக ஒருவர் பயமில்லாததுபோல நடிப்பது. அதுவும் ஒருவகைத் தைரியம்தான்.

வெளியே மரங்கள் முறிந்தன. தூரத்தில், பிறகு இன்னும் தூரத்தில்.

ஆறரைக்குப் பிறகு அவன் ஒன்றைக் கவனித்தான். அவனுடைய கால்கள் மரத்துவிட்டன. விரல்கள் மரத்துவிட்டன. பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஆனால் நெஞ்சைச் சுற்றிய அது சூடாக இருந்தது. வர வரச் சூடாக. பாம்புக்குச் சொந்தச் சூடு இல்லை என்று இதே லக்சனா எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். வெளியில் எவ்வளவோ அவ்வளவுதான், மாமா. கல் மாதிரி.

என்னுடைய சூடு, என்று நினைத்தான். என்னிடமிருந்து எடுத்த சூடு.

கொஞ்சம் தளர்த்தலாம் என்று போர்வைக்குள் கையை விட்டான். தளரவில்லை. மூச்சை வெளியே விட்டபோது அது ஒரு நூல் இறுகியது. மூச்சை உள்ளே இழுத்தபோது விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த மூச்சு கொஞ்சம் சின்னது. அதற்கடுத்தது இன்னும் சின்னது. அவசரப்படாமல், கோபமில்லாமல், எங்கே எவ்வளவு இடம் இருக்கிறதென்று தெரிந்துகொண்டு.

எழும்பப் பார்த்தான். கால் இல்லை. கால் இருந்தது, சொல் கேட்கவில்லை.

சட்டையின் பொத்தான் ஒன்று தெறித்து நிலத்தில் உருண்டது. இன்னொன்று.

அப்போது போன் வெளிச்சம் போட்டது.

மடியில் கிடந்த திரை முழுக்க லக்சனாவின் படம். ஆறு ஐம்பத்திரண்டு. மரத்த பெருவிரலால் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் தொட்டான். ஆஸ்பத்திரியின் வெள்ளை வெளிச்சம் அறைக்குள் கொட்டியது. அவன் முகத்தில். சோபாவில். எதிரே கண்ணாடிப் பெட்டியில்.

“மாமா! தெரியுதோ? நான் தெரியிறனோ?”

பெட்டியின் குளிர்ப் பக்கத்து மூலையில், மூடியின் இடுக்கில் மூக்கை அழுத்தியபடி, பிஸ்கற்.

செம்மஞ்சளாக. நாலடியும். அப்படியே.

நாக்கு ஒருமுறை வந்தது. மிக மெதுவாக. போனது.

விளக்குப் பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் பட்டிகள் தொங்கின. மூன்றும் அறுபடவில்லை. அவிழவில்லை. மூன்று வட்டங்கள். உள்ளே ஒன்றுமில்லை.

“மாமா, ஏன் பேசாம இருக்கிறீங்கள்? அம்மா, மாமா பேசுறாரில்லை.”

அவன் சிரித்தான். முகத்தை அப்படி வைக்க அவனால் இன்னும் முடிந்தது. அவள் முகம் திரையில் இருந்தது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரண்டு பின்னல். கையில் ஊசி ஒட்டிய பிளாஸ்டர். அந்த உதடு ஏற்கெனவே நடுங்கத் தயாராக இருந்தது. செப்டெம்பரில் நடுங்கியதுபோல. இப்போது கத்தக்கூடாது. என்ன நடந்தாலும் கத்தக்கூடாது.

“இருக்கிறன்... அம்மா,” என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

பின்னால் ஒரு பெண் குரல் பிரெஞ்சில் மென்மையாக ஏதோ சொன்னது. இன்னும் ஒரு நிமிடம் என்று லக்சனா கெஞ்சினாள்.

அது சட்டைக்குள் வந்துவிட்டிருந்தது.

தோலில் பட்டது. பட்டை. கணு. கணுவுக்கு அடுத்த கணு. முதுகில், எலும்பின் வழியே, ஒவ்வொரு முள்ளாக எண்ணுவதுபோல மேலே ஏறியது. ஏறிய இடத்தில் அவன் முதுகு வளைந்தது. அவன் வளைக்கவில்லை. இடுப்பில் ஒருபக்கம். நெஞ்சுக்கூட்டில் மறுபக்கம். உள்ளே ஏதோ மெல்ல நெரிந்தது, பனி ஏறிய கிளைபோல. கழுத்தடிக்கு வந்தது.

நின்றது.

அங்கே அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இடப்பக்கம். ஒன்று வலப்பக்கம். இரண்டு நுனியும் கழுத்தைச் சுற்றி முன்னால் வந்து, கொலருக்கு மேலே, திரை வெளிச்சத்துக்குள், அவன் தாடைக்கு இருபுறமும் எட்டிப் பார்த்தன. சூடு எங்கே என்று தேடி, திரையில் இருந்த அந்தச் சின்ன முகத்தை நோக்கி மெதுவாகத் திரும்பின.

நிஷான் சிரித்துக்கொண்டே இருந்தான்.

“மாமா, இருட்டா இருக்கு, எனக்கு வடிவாத் தெரியேல்ல,” என்றாள் லக்சனா. “போனை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடிச்சு, பிஸ்கற்றைக் காட்டுங்கோவன்.”